விளம்பரத் தாளில் முன்னால் நின்ற பெயர்: ஓபரெட்டாவை ஊர் ஊராகக் கொண்டுபோன அரங்க மேனேஜர்கள்

ஓபரெட்டாவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவருக்கு முதல் சில பக்கங்களிலேயே ஒரு குழப்பம் வந்துவிடும். 'மெர்ரி விடோ' என்று உலகம் அறிந்த படைப்புக்கு இசை ஃபிரான்ஸ் லெஹார். எழுதியவர்கள் விக்டர் லியோன், லியோ ஸ்டைன். 1905 டிசம்பர் 30 அன்று வியன்னாவில் ஜெர்மன் மொழியில் அரங்கேறியது. ஆனால் லண்டன் வரலாற்றைத் திறந்தால் அது ஜார்ஜ் எட்வர்ட்ஸின் வெற்றி. நியூயார்க் வரலாற்றில் ஹென்றி சாவேஜின் வெற்றி. எழுதாதவர்களும் இசையமைக்காதவர்களும் மேடையில் ஒரு வரிகூடப் பாடாதவர்களுமான இவர்களின் பெயர் எப்படி முன்னால் வந்தது?

முதல் போட்டதால் மட்டும் வந்துவிடவில்லை. ஒரு நகரத்தின் நாடகத்தை இன்னொரு நகரத்தின் நாடகமாக மாற்றுவது அந்தக் காலத்தில் தனித் தொழிலாகவே இருந்தது. அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால்தான், வியன்னாவின் ஒரு வால்ட்ஸ் (ஜோடியாகச் சுழன்று ஆடும் நடனம்) மெட்டு சில ஆண்டுகளில் இத்தனை ஊர்களுக்கு எப்படிப் போனது என்பது விளங்கும்.

முதலில் சொற்கள்

1. ஓபரெட்டா: ஓபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. ஓபரெட்டாவில் பாட்டுக்கு நடுவே பேச்சு வசனம் உண்டு. நடனம் உண்டு, நகைச்சுவை உண்டு. 1855இல் பாரிஸில் ஜாக் ஓஃபன்பாக் சிறிய அரங்கம் ஒன்றைத் தொடங்கியபோது, மேடையில் ஒருசில கதாபாத்திரங்களுக்கு மேல் கூடாது என்ற உரிமக் கட்டுப்பாட்டோடுதான் தொடங்கினார். பிறகு வியன்னா இந்த வடிவத்தைத் தனதாக்கிக்கொண்டது. 1874இல் யோஹான் ஸ்ட்ராஸின் 'டி ஃப்ளெடர்மௌஸ்' அங்கே அரங்கேறியது. 1900க்குப் பிந்தைய அலையை வரலாற்றாசிரியர்கள் ஓபரெட்டாவின் வெள்ளிக்காலம் என்று அழைக்கிறார்கள்.

2. மேனேஜர்: இன்றைய பொருளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேலாளர் அல்ல. அரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்து, நாடகத்தைத் தேர்ந்தெடுத்து, நடிகர்களை ஒப்பந்தம் செய்து, லாப நட்டம் இரண்டையும் தன் தலையில் சுமப்பவர். தமிழில் 'அரங்க முதலாளி' என்பதே இதற்கு நெருக்கமான சொல்.

3. தயாரிப்பாளர்: இந்தச் சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. அக்காலத்துப் பிரிட்டிஷ் நாடக அறிவிப்புகளில் தயாரித்தவர் என்று குறிக்கப்பட்டவர் பெரும்பாலும் மேடை இயக்குநர்தான். பணம் போட்டவர் மேனேஜர். அமெரிக்காவிலோ தயாரிப்பாளர் என்றால் பணமும் பொறுப்பும் ஏற்றவர். பழைய அறிவிப்புகளைப் படிப்பவர்கள் ஊரைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

4. அரங்க உரிமை: ஒரு நாடகத்தைக் குறிப்பிட்ட மொழியில், குறிப்பிட்ட நாட்டில் நடத்துவதற்கான அனுமதி. முன்பணம் கொடுத்து வாங்குவார்கள். பிறகு வசூலில் ஒரு பங்கு ராயல்டியாகப் போகும். சினிமாவின் ரீமேக் உரிமையையும் ஏரியா விநியோகத்தையும் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த வழக்கங்களுக்கெல்லாம் முன்பே நாடக உலகில் இது நடைமுறையில் இருந்தது.

வியன்னா: நம்பாத முதலாளியின் வெற்றி

வியன்னாவின் தியேட்டர் அன் டெர் வீன் 1801இல் கட்டப்பட்ட அரங்கம். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1901இல், அதன் பொறுப்பை ஏற்றவர் ஹங்கேரியில் பிறந்த வில்ஹெல்ம் கார்ட்சாக். பின்னர் கார்ல் வால்னர் அவருடன் கூட்டுச் சேர்ந்தார்.

'மெர்ரி விடோ'வுக்கு இசையமைக்க முதலில் அமர்த்தப்பட்டவர் லெஹார் அல்ல, ரிச்சர்ட் ஹாய்பெர்கர். அவர் எழுதியது திருப்தி தராததால் வேலை லெஹாரின் கைக்கு வந்தது. அவருடைய இசையைக் கேட்ட கார்ட்சாக், இது இசையே அல்ல என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எப்படி இருந்தாலும், நிர்வாகம் இந்த நாடகத்தின்மேல் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. அரங்க ஜோடனைக்கு அதிகம் செலவழிக்காமல் சிக்கனமாகவே மேடையேற்றினார்கள். முதல் சில வாரங்களில் கூட்டம் சேராமல் இலவச டிக்கெட் கொடுத்து இருக்கைகளை நிரப்பினார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

நாடகத்தை நிறுத்தாமல் இருந்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. கதாநாயகி ஹன்னாவாக மிட்ஸி குந்தரும் நாயகன் டானிலோவாக லூயி டிராய்மனும் மேடையில் ஏற்படுத்திய நெருக்கம் வாய்வழியாகப் பரவியது. 1907இல் வியன்னாவில் 400வது காட்சியைக் கொண்டாடினார்கள். அதற்கு முன்பே ஜெர்மனியின் நகரங்களுக்கு நாடகம் போய்விட்டது.

இந்த வெற்றியிலிருந்து கார்ட்சாக் ஒரு பாடம் கற்றார். அரங்கில் வரும் டிக்கெட் பணம் ஒரு பங்குதான்; அச்சிட்ட இசைத்தாளும் வெளியூர் உரிமையும் தரும் பணம் வேறு. எனவே அவருடைய நிறுவனம் பதிப்புத் தொழிலிலும் இறங்கியது. அவருடைய மருமகன் ஹூபர்ட் மரிஷ்கா இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1923இல் கார்ட்சாக் இறந்தபின் அரங்கம் மரிஷ்காவிடம் வந்தது. 1924 பிப்ரவரி 28 அன்று இசையமைப்பாளர் கால்மானின் 'கிரேஃபின் மாரிட்சா' அரங்கேறியபோது, அரங்கத்தின் முதலாளி, பதிப்பகத்தின் முதலாளி, மேடையில் பாடிய கதாநாயகன் மூவரும் அவரே. நன்றாக ஓடினால் எல்லா வாசலிலும் பணம் வரும். ஓடாவிட்டால் எல்லா வாசலும் ஒன்றாக மூடும். 1935இல் அதுதான் நடந்தது. மரிஷ்கா திவாலானார்.

லண்டன்: எட்வர்ட்ஸின் கைவேலை

ஜார்ஜ் எட்வர்ட்ஸ் (1855-1915) ஏற்கெனவே லண்டனின் கெய்ட்டி அரங்கில் பெயர் பெற்றவர். இசை நகைச்சுவை நாடகம் என்ற வகையை 1890களில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர். லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டியிருந்த டேலிஸ் தியேட்டரில் 1896இல் அவர் நடத்திய 'தி கெய்ஷா' 760 காட்சிகள் ஓடியது. ஆனால் நூற்றாண்டு திரும்பியபின் அந்த வகைக்கு மவுசு குறையத் தொடங்கியது. புதுச் சரக்கு தேவைப்பட்ட நேரத்தில் அவர் வியன்னாவின் பக்கம் பார்த்தார்.

1907 ஜூன் 8 அன்று டேலிஸில் மேடையேறிய 'மெர்ரி விடோ' வியன்னாவில் நடந்த அதே நாடகம் அல்ல. எட்வர்ட்ஸ் என்னவெல்லாம் மாற்றினார் என்பதைப் பார்த்தால் அவருடைய தொழில் என்னவென்று புரியும்.

கதை இதுதான்: ஏழை பால்கன் நாடொன்றின் பெரும் செல்வம் ஒரு விதவையின் கையில் இருக்கிறது. பாரிஸில் வசிக்கும் அவள் பிரெஞ்சுக்காரனை மணந்துவிட்டால் நாட்டின் கஜானாவே காலி. ஆகவே தூதரகம் தன் ஆள் டானிலோவை அவள் பக்கம் தள்ளுகிறது. அந்த நாட்டின் பெயர் மூலத்தில் பொன்டெவெட்ரோ. மான்டினீக்ரோவை நினைவூட்டும் பெயர். அப்போதைய மான்டினீக்ரோவின் பட்டத்து இளவரசர் பெயரும் டானிலோதான். லண்டனில் நாடு மார்சோவியா ஆனது. கதாநாயகி ஹன்னா, சோனியா ஆனாள். பேசில் ஹூட் ஆங்கில வசனத்தைப் புதிதாக எழுதினார். பாடல் வரிகள் ஏட்ரியன் ராஸ். தூதராக நடித்த ஜார்ஜ் கிரேவ்ஸ் ஹெட்டி என்ற கோழியைப் பற்றி இட்டுக்கட்டிய நகைச்சுவைக்கும் மேடையில் இடம் கிடைத்தது. வியன்னாவில் அப்படி ஒரு கோழியே கிடையாது.

நடிகர் தேர்வு இன்னும் துணிச்சலானது. லில்லி எல்சிக்கு அப்போது 21 வயது. பெரிய பாடகிக்குரிய குரல் தனக்கில்லை என்று அவரே தயங்கினார். எட்வர்ட்ஸ் அவரை ஜெர்மன் மொழி நாடகத்தைப் பார்க்க அழைத்துச் சென்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். நாயகன் ஜோசப் காய்ன் அமெரிக்க நகைச்சுவை நடிகர். அவருக்குப் பாடவே வராது. பாட வேண்டிய இடங்களைத் தாளத்தோடு பேசிக் கடந்தார். ஒத்திகைக்கு வந்த லெஹாரிடம், காய்ன் தொண்டையைப் பாதுகாத்துக்கொள்கிறார் என்று சொல்லிக் கடைசிவரை சமாளித்தார்கள் என்பது நாடக உலகில் வழங்கிவரும் கதை.

லண்டனுக்கு வேண்டியது குரல் அல்ல, தோற்றமும் நளினமும்தான் என்று எட்வர்ட்ஸ் கணித்தார். எல்சியின் உடைகளை வடிவமைக்க லூசீல் என்ற பெயரில் இயங்கிய டஃப் கார்டன் சீமாட்டியை அமர்த்தினார். எல்சி அணிந்த, இறகுகள் பொதிந்த அகலமான தொப்பி நகரத்துப் பெண்களின் தலைகளுக்கு ஏறியது. நாடகத்துக்கு வெளியே, கடைவீதியில், நாடகத்தின் பெயரைச் சுமந்து நடக்கும் விளம்பரமாக அது மாறியது.

இரண்டாம் அங்கத்தின் வால்ட்ஸ் காட்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சோனியாவும் டானிலோவும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். இருவருமே சொல்ல மறுக்கிறார்கள். சண்டை ஓய்ந்த இடைவெளியில் வாத்தியங்கள் அந்த மெட்டை மெல்ல எடுக்கின்றன. அவர்கள் பேசாமல் ஆடத் தொடங்குகிறார்கள். அந்த மெட்டு வார்த்தைகளோடு பாடப்படுவது மூன்றாம் அங்கத்தில்தான். இந்த நாடகத்தின் உயிர்நாடியான தருணத்துக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. பாட வராத காய்னுக்கு ஆட வரும். எட்வர்ட்ஸின் கணக்கு இங்கேதான் பலித்தது.

778 காட்சிகள், இரண்டு ஆண்டுகளுக்கு மேல். 1909 ஜூலை 31 அன்றுதான் திரை விழுந்தது. பின் லியோ ஃபாலின் 'டாலர் பிரின்சஸ்' 428 காட்சிகள். 1911இல் லெஹாரின் 'கவுண்ட் ஆஃப் லக்சம்பர்க்' 340. ஒரே அரங்கம், ஒரே முதலாளி, ஒன்றன்பின் ஒன்றாக வியன்னாவின் படைப்புகள்.

நியூயார்க்: பல குழுக்கள், ஒரே நாடகம்

பாஸ்டனில் வீடு, நிலம் விற்றுக்கொண்டிருந்த ஹென்றி சாவேஜ், கையிலிருந்த அரங்கத்தை நிரப்புவதற்காக 1895இல் ஓபரா குழுவொன்றைத் தொடங்கியவர். ஓபராவை ஆங்கிலத்தில், குறைந்த கட்டணத்தில் கொடுப்பது அவர் வழி. 1907 அக்டோபர் 21 அன்று நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டரில் அவர் நடத்திய 'மெர்ரி விடோ' 416 காட்சிகள் கண்டது. அதோடு நிற்காமல் பல குழுக்களைத் திரட்டி அமெரிக்காவின் நகரங்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பினார். 1908 ஜூன் மாதம் 275வது காட்சிக்கு வந்த பெண்களுக்கெல்லாம் தொப்பி இலவசம் என்று அறிவித்தபோது, தொப்பி கொடுத்த இடத்தில் தள்ளுமுள்ளு நடந்து அது செய்தித்தாள்களில் வந்தது.

அடுத்த கட்டம் ஷூபர்ட் சகோதரர்கள். சாம் 1905இல் ரயில் விபத்தில் இறந்தபின் லீயும் ஜேக்கபும் அரங்குகளை வாங்கிக் குவித்தார்கள். அரங்கு கையில் இருந்தால் அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஓபரெட்டா வசதியாக இருந்தது. பெர்லினில் 1913இல் வந்த படைப்பொன்றின் உரிமை அவர்களிடம் இருந்தது. 1917இல் அமெரிக்கா ஜெர்மனியோடு போரில் இறங்கியது. அவர்கள் கதையை நியூயார்க்குக்கு மாற்றி, சிக்மண்ட் ராம்பெர்கை வைத்துப் புது இசை எழுதி, 'மேடைம்' என்று பெயரிட்டு அதே ஆண்டில் மேடையேற்றினார்கள். 492 காட்சிகள். ஜெர்மன் வேர் இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

1921இல் 'ப்ளாசம் டைம்': வியன்னாவில், இந்தச் சகோதரர்களோடு தொடர்பில்லாத இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட்டின் மெட்டுகளைக் கோத்துச் செய்த ஓபரெட்டாவின் அமெரிக்க வடிவம். 1828இலேயே மறைந்துவிட்ட அந்த இசைமேதைக்கு ராயல்டி கொடுக்க வேண்டியதில்லை. 1924இல் 'ஸ்டூடண்ட் பிரின்ஸ்', 608 காட்சிகள். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 1920களில் தொடங்கிய இசை நாடகங்களில் இவ்வளவு நீண்ட நாள் ஓடியது வேறில்லை.

கப்பலில் வந்த ஓபரெட்டா

இந்தத் தொழில் ஐரோப்பாவோடும் அமெரிக்காவோடும் நிற்கவில்லை. நியூயார்க்கில் 1872இல் பிறந்த மாரிஸ் பேண்ட்மன், கல்கத்தாவைத் தளமாகக் கொண்டு ஜிப்ரால்டரிலிருந்து யோகோஹாமா வரை நாடகக் குழுக்களை ஓட்டினார். கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர் எல்லாம் அவர் பாதையில் இருந்த துறைமுகங்கள். லண்டனில் வெற்றி பெற்றவற்றின் கீழைநாட்டு உரிமைகளை வாங்கி, ஒரு குழு ஒரு நகரத்தில் சில நாட்கள் தங்கி இரவுக்கு ஒரு நாடகம் நடத்தும், பிறகு கப்பலேறும். அதன் பின்னால் அடுத்த குழு வரும். சிறிய ஊர்களில் ஆங்கில நாடகம் பார்க்கும் கூட்டம் கொஞ்சம்தான். ஒரே நாடகத்தை நூறு நாள் ஓட்ட முடியாது. லண்டனின் முறையைத் தலைகீழாக்கினால்தான் பிழைப்பு என்று அவர் கண்டுகொண்டார்.

பம்பாயின் ராயல் ஓபரா ஹவுஸ் அவரும் பார்சி வணிகர் ஜஹாங்கீர் கராகாவும் சேர்ந்து எழுப்பியது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதைத் திறந்துவைத்தார். கட்டடம் இன்றும் நிற்கிறது. பேண்ட்மன் 1922இல் ஜிப்ரால்டரில் இறந்தார், அவருடைய பாதை தொடங்கும் ஊரிலேயே.

இந்த முறை ஏன் பலித்தது?

1. செலவு முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. உடை, ஜோடனை, ஒத்திகைச் சம்பளம் எல்லாம் முதல் நாளுக்கு முன்பே போய்விடும். அதன்பின் வாரச் செலவு மட்டும்தான். எனவே போட்ட முதலை எடுத்தபின் ஓடும் ஒவ்வொரு இரவும் லாபம். நீண்ட ஓட்டம் என்ற கணக்கு இங்கிருந்து பிறந்தது. ஜெர்மன் மொழி அரங்குகளில் நிரந்தரக் குழுவை வைத்துக்கொண்டு நாடகங்களை மாற்றி மாற்றி நடத்துவதே பழைய மரபு. ஓபரெட்டா அதை மாற்றியது.

2. நீண்ட ஓட்டத்துக்கு ஒரே ஊரின் ரசிகர்கள் போதாது. ரயிலில் வருபவர்களும் வெளியூர்க்காரர்களும் வேண்டும். அவர்களுக்கு நாடகத்தின் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீட்டுப் பியானோவில் வாசிக்கும் இசைத்தாளும் நடன விடுதியின் வால்ட்ஸும் கடைத்தொப்பியும் அந்த வேலையைச் செய்தன.

3. வெளிநாட்டில் ஏற்கெனவே ஓடிய நாடகத்தில் ஆபத்து குறைவு. புதிதாக எழுதச் சொல்லிக் காத்திருப்பதைவிட, வியன்னாவில் கூட்டம் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு உரிமை வாங்குவது பாதுகாப்பு. ஆனால் இதே காரணத்தால் போட்டி ஏறியது.

4. சட்டத்தின் ஓட்டைகள். 1886ஆம் ஆண்டின் பெர்ன் பதிப்புரிமை உடன்பாட்டில் ஆஸ்திரியா-ஹங்கேரி சேரவில்லை, அமெரிக்காவும் சேரவில்லை. ஆகவே எந்தப் படைப்புக்கு எந்த நாட்டில் எவ்வளவு பாதுகாப்பு என்பது தனித்தனி ஒப்பந்தங்களைப் பொறுத்தது. இதைத் தெரிந்து பேரம் பேசத் தெரிந்தவரே பிழைத்தார்.

பேரம் தெரியாததால் இழந்தவருக்கு ஒரு உதாரணம் பெர்னார்ட் ஷா. அவருடைய 'ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்' நாடகத்தைத் தழுவி ஆஸ்கர் ஸ்ட்ராஸ் இசையமைத்த ஓபரெட்டா 1908இல் வியன்னாவில் வந்தது. தன் வசனத்தைப் பயன்படுத்தக்கூடாது, கேலித் தழுவல் என்று அறிவிக்க வேண்டும், தனக்குப் பணம் வேண்டாம் என்பது ஷாவின் நிபந்தனை. வியன்னாவில் சுமாராகப் போனது. அதையே ஃப்ரெட் விட்னி 'சாக்லேட் சோல்ஜர்' என்ற பெயரில் 1909இல் நியூயார்க்கிலும் 1910இல் லண்டனிலும் நடத்தினார். லண்டனில் மட்டும் 500 காட்சிகள். ஷாவுக்கு ஒரு காசு வரவில்லை. அதன்பின் அவர் உயிரோடு இருந்தவரை தன் நாடகம் எதையும் இசை நாடகமாக்க விடவில்லை.

யார் தலையில் விழுந்தது?

இத்தனை வெற்றியையும் மேடையில் சுமந்தவர்கள் நடிகர்கள். இரண்டு ஆண்டுகள், வாரத்தில் பல காட்சிகள், அதே கனமான தொப்பி. உடல்நலம் தாங்காமல் லில்லி எல்சி பல காட்சிகளைத் தவறவிட்டார். 1911இல் திருமணத்தோடு மேடையிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு 25 வயது. பிறகு எப்போதாவதுதான் திரும்பி வந்தார்.

எட்வர்ட்ஸும் தப்பவில்லை. 1914இல் போர் மூண்டபோது அவர் சிகிச்சைக்காக ஜெர்மனியில் இருந்தார். அங்கேயே தடுத்து வைக்கப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டு, 1915இல் இறந்தார். எதிரி நாட்டு இசைக்கு லண்டனில் இடமில்லாமல் போனதால் டேலிஸ் கடனில் மூழ்கியது. 1917இல் உள்ளூர்ப் படைப்பான 'மெய்ட் ஆஃப் தி மவுண்டன்ஸ்' 1352 காட்சிகள் ஓடி அதைக் கரையேற்றியது. டேலிஸ் 1937இல் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் சினிமா அரங்கம் எழுந்தது.

பெர்லின்: முறையின் கடைசிக் கட்டம்

1920களின் இறுதியில் மையம் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கு நகர்ந்தது. அங்கே ஆல்ஃபிரட், ஃப்ரிட்ஸ் ரோட்டர் என்ற சகோதரர்கள் பல அரங்குகளைக் கையில் வைத்திருந்தார்கள். நட்சத்திரப் பாடகருக்குப் பெரும் சம்பளம், சலுகை டிக்கெட்டால் நிரம்பும் அரங்கம் என்பது அவர்கள் முறை. 1929 அக்டோபர் 10 அன்று மெட்ரோபோல் தியேட்டரில் லெஹாரின் 'தாஸ் லாண்ட் தெஸ் லேஹெல்ன்ஸ்' ரிச்சர்ட் டௌபரின் குரலோடு வந்தது. 1923இல் வியன்னாவில் எடுபடாத பழைய படைப்பொன்றைத் திருத்தி எழுதியது அது. அடுத்த ஆண்டு எரிக் ஷரெல், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட க்ரோசஸ் ஷௌஷ்பீல்ஹௌஸில் 'இம் வைசன் ரோசல்' நடத்தினார். லண்டனில் அது 651 காட்சிகள்.

1933 ஜனவரியில் ரோட்டர் நிறுவனங்கள் திவாலாயின. யூதர்களான சகோதரர்கள் லிக்டன்ஸ்டைனுக்குப் போனார்கள். ஏப்ரல் 5 அன்று, அவர்களை ஜெர்மனிக்குக் கடத்திச் செல்ல நாஜி ஆதரவாளர்கள் முயன்றபோது, மலைச்சரிவில் விழுந்து ஆல்ஃபிரடும் அவர் மனைவி கெர்ட்ரூடும் இறந்தார்கள். ஃப்ரிட்ஸ் தப்பினார், 1939இல் பிரான்சில் சிறையில் இறந்தார். ஷரெல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார்.

ஓபரெட்டா நின்றுவிடவில்லை. லெஹாரின் இசை நாஜி ஆட்சியிலும் தொடர்ந்து ஒலித்தது. ஹிட்லருக்குப் பிடித்த இசை அது. யூத எழுத்தாளர்களின் பெயர்களை நிகழ்ச்சித் தாள்களிலிருந்து நீக்கிவிட்டு அதே பாடல்களை நடத்தினார்கள். 'லாண்ட் தெஸ் லேஹெல்ன்ஸ்' பாடல்களை எழுதியவர்களில் ஒருவரான ஃப்ரிட்ஸ் லோனர்-பேடா 1942 டிசம்பரில் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் கொல்லப்பட்டார். 1905இல் வியன்னாவில் முதல் டானிலோவாக அந்த வால்ட்ஸை ஆடிய லூயி டிராய்மன் 1943 மார்ச்சில் தெரசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார்.